ஆறாவது ஆள்

எங்கள் கண்ணாடிக் கடையில் முன்னால் நிற்பவள் நான். பின்னால் இருப்பவர் என்னோடு வேலை பார்க்கிறவர். நடுவில் ஒரு திரைச்சீலை. வருகிறவர்களிடம் "இந்த பிரேம் உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கு" என்று கூசாமல் பொய் சொல்வது என் வேலை. அவர்கள் அந்தப் பொய்யை நம்பி எடுத்த பிரேமுக்கு ஏற்ப லென்ஸை வெட்டி, ஓரம் தேய்த்து, உட்கார வைப்பது அவர் வேலை. எனக்கு நாள் முழுக்க வாய் ஓயாது. அவருக்குக் காலையில் ஒரு "வந்தேம்மா", மாலையில் ஒரு "வரேம்மா". இரண்டுக்கும் நடுவே லென்ஸ் தேய்க்கும் மெஷினின் சத்தம்தான்.

பின்னறை என்று பெயரே தவிர, ஒரு ஆள் கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கும். மெஷின், அதற்குத் தண்ணீர் ஊற்றும் குழாய், தேய்த்த தூள் சேறாகப் படிந்திருக்கும் வாளி, பிரேமைச் சூடாக்கி இளக்க ஒரு சின்ன ஹீட்டர், ஒரு ஸ்டூல். நான் ஒரு தட்டில் பிரேமையும் லென்ஸையும் பவர் சீட்டையும் வைத்துத் திரைக்குள் நீட்டுவேன். ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும். சிறிது நேரத்தில் அதே கை கண்ணாடியைத் திருப்பித் தரும். வாடிக்கையாளர்கள் யாரும் அவரைப் பார்த்ததில்லை. அவருக்கும் அவர்களைத் தெரியாது. "அந்த மைனஸ் ஏழு வந்து வாங்கிட்டுப் போயாச்சா?" என்று கேட்பார். மைனஸ் ஏழு காலேஜ் பெண்ணா, கசாப்புக் கடைக்காரரா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

நான் அவரை அண்ணே என்பேன். அவருடைய மனைவியை அண்ணி என்பேன். மகனுடைய முதல் குழந்தை பிறந்தபோது அண்ணி கடல் தாண்டிப் போனார். ஆறு மாதத்தில் வந்துவிடுவதாகத்தான் ஏற்பாடு. மருமகளுக்கு லீவு முடிந்தது. குழந்தையை யார் பார்ப்பது? அது நடக்க ஆரம்பித்தது. பின்னால் ஓட ஆள் வேண்டாமா? அப்புறம் இரண்டாவது வந்துவிட்டது. புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையா என்றால் அதுவும் கிடையாது. சண்டை என்றால் சமாதானம் என்று ஒன்றாவது பின்னால் வரும். ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்பிட்டீங்களா", "சாப்பிட்டேன், நீ", "ஆச்சு" என்று பேசிக்கொள்வார்கள். அப்புறம் குழந்தை போனைப் பிடுங்கிக்கொள்ளும்.

அவருடைய கஷ்டம் சனிக்கிழமை சாயங்காலம் கடை மூடியதும் ஆரம்பித்து, திங்கட்கிழமை காலையில் கடை திறந்ததும் முடியும். "ஞாயித்துக்கிழமை சமையல், துவையல் எல்லாம் முடிச்சுட்டு மணியப் பார்த்தா ஒன்பதுதாம்மா ஆகியிருக்கு" என்று ஒரு முறை சொன்னார். அதைச் சொல்லிவிட்டு என்னவோ தப்பாகச் சொல்லிவிட்டதுபோலத் திரைக்குள் போய்விட்டார். சினிமாவுக்குப் போகலாமே என்றேன். இரண்டு பக்கமும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்க, நடுவில் தனியாக இருந்தால் பல் விழுந்த இடம் மாதிரி இருக்கிறதாம்.

கடைக் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்டு வருகிறவர்கள் எங்கள் ஊரில் அதிகம். பெரிய ஊர். யாராவது எதையாவது நடத்திக்கொண்டே இருப்பார்கள். எங்கள் முதலாளிக்கு இல்லை என்று சொல்லவும் மனம் வராது, பிரேம்கள் மறைந்து போவதும் பிடிக்காது. அதனால் முழங்காலுக்குக் கீழே மட்டும் ஒட்டலாம் என்று ஒரு சட்டம் போட்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே ஒட்டியதை யார் படிப்பார்கள்? தவழும் குழந்தை படிக்கலாம், நாய் படிக்கலாம். அப்புறம் எங்கள் அண்ணன் படித்தார். ஷட்டரை இறக்கி, குனிந்து பூட்டுப் போடுவது அவர்தான்.

முதலில் போனது துணி துவைக்கும் கடைக்கு. காசு போட்டால் மெஷின் தானே துவைக்கும் கடை அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு அம்மாள் அங்கே கதை வாசிப்பார். மெஷின் சுற்ற ஆரம்பிக்கும்போது கதை ஆரம்பிக்கும். துணி பிழிந்து நிற்கும்போது முடிந்துவிட வேண்டும். கதை நீண்டுவிட்டால் கதாநாயகனைச் சாகடித்தாவது முடித்துவிடுவாராம். அண்ணன் துவைத்த துணியையே மறுபடி எடுத்துக்கொண்டு போய்த் துவைத்துவிட்டு வந்தார்.

அப்புறம் பஸ் டிப்போவில் டிரைவர், கண்டக்டர்களின் பாட்டுக் குழு. கேண்டீனில் ஒத்திகை நடக்கும், யாரும் போய்க் கேட்கலாம். நல்ல குரல்கள்தானாம். ஆனால் பாட்டு உச்சத்துக்குப் போகும்போது ஒருவருக்கு வண்டி எடுக்க நேரமாகிவிடும். அவர் பாடிக்கொண்டே எழுந்து போவார். கடைசியில் கேண்டீன்காரர் ஒருவர்தான் பாடிக்கொண்டிருப்பாராம். மேம்பாலத்துக்குக் கீழே படம் வரைகிற கூட்டம் ஒன்று உண்டு. அங்கே "உங்களுக்கு வரையத் தெரியுமா?" என்றார்கள். தெரியாது என்றார். அப்படியானால் உட்காருங்கள் என்று நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள். பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். அத்தனை பேரும் அவர் மூக்கையும் காதையும் அளந்து அளந்து வரைந்தார்கள். பெயரை ஒருவரும் கேட்கவில்லை.

"படம் எப்படிண்ணே இருந்துச்சு?"

"எல்லாரும் கண்ணாடியக் கோணலா வரஞ்சிருந்தாங்க. ஒருத்தருக்கும் பிரேம உட்கார வைக்கத் தெரியலம்மா" என்றார். அவருக்குக் கலையைப் பற்றி இருந்த ஒரே அபிப்பிராயம் அதுதான்.

நான் கேலி செய்வேன். "என்னண்ணே, இந்த வாரம் எந்தக் கல்யாணத்துக்கு அழைக்காத விருந்தாளி?" என்பேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த இடங்களில் யாரும் ஏன் தனியாக வந்தீர்கள் என்று கேட்பதில்லை என்பார். அது பெரிய சௌகரியமாம். ஆனால் எங்கே போனாலும் அவர் இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். கடலில் கரைத்த பெருங்காயம். அது அவருக்கும் தெரிந்தே இருந்தது.

ஒரு திங்கட்கிழமை அவர் வந்த வேகமே வேறு. "வந்தேம்மா" சொல்லிவிட்டுத் திரைக்குள் போகாமல் என் கவுண்டர் பக்கத்தில் நின்றார். "முந்தாநாள் நான் போகலன்னா ஒரு நாடகமே நடந்திருக்காதும்மா" என்றார்.

விஷயம் இதுதான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றின் ஷெட்டில் சனிக்கிழமை மாலை நாடகம் போடுகிறார்கள். நடத்துபவர் அந்தப் பள்ளியின் டிரைவிங் மாஸ்டர். ஒத்திகையில் கூட வசனம் நீண்டால் "பிரேக், பிரேக்!" என்று கத்துகிற மனுஷன். நடிகர்கள் ஐந்து பேர். எந்த நாடகம் என்றாலும் அந்த ஐந்து பேர்தான். மாஸ்டர் ஒரு சட்டம் வைத்திருந்தார். நடிப்பவர்களைவிடப் பார்ப்பவர்கள் ஒரு தலையாவது கூடுதலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நாடகம் கிடையாது. "அவங்க நம்மள விடக் குறைச்சலா இருந்தா அப்புறம் யாரு யாரை வேடிக்கை பாக்குறது?" என்பாராம். அது போகட்டும், இன்னொரு பிரிவும் இருந்தது. நடிகர்களின் சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும் கணக்கில் சேர மாட்டார்கள். அவர்கள் கைதட்டுவது கள்ள ஓட்டாம். அதனால் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் "இங்க யாரையாவது தெரியுமா?" என்று கேட்பார். தெரியும் என்றால் ஓரத்து பெஞ்சு. தெரியாது என்றால் நடுவில் நாற்காலி, கணக்கில் ஒரு தலை.

அன்றைக்கு நாற்காலியில் ஐந்து தலை. மாஸ்டர் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நம் ஆள் முகவரி தெரியாமல் அந்தச் சந்தில் இரண்டு முறை சுற்றிவிட்டுப் போய் நின்றிருக்கிறார். "யாரையாவது தெரியுமா?" "யாரையும் தெரியாதுங்க." அவ்வளவுதான், மாஸ்டர் உள்ளே திரும்பி, "ஆறாவது ஆள் வந்தாச்சு! ஸ்டார்ட் பண்ணு!" என்று கூவினாராம்.

இதை என்னிடம் சொல்லும்போது அந்தக் கூவலைக் கூவியே காட்டினார். அவருக்கு அவ்வளவு சத்தம் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு சனிக்கிழமை தவறாது. கடை மூடியதும் பின்னறைக் குழாயில் முகம் கழுவி, கைவிரல் இடுக்கில் இருக்கும் வெள்ளைத் தூளைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்புவார். சில வாரம் எட்டுப் பேர் வருவார்கள், சில வாரம் ஆறு. ஐந்தோடு நின்றுவிடுகிற வாரங்களில் இவர் தலை தெரிந்ததும் அதே கூவல். இரண்டு மூன்று நாடகங்களையே மாற்றி மாற்றிப் போடுவார்கள். அவருக்கு வசனமெல்லாம் மனப்பாடம். சலிக்கவில்லையா என்றேன். "நான் நாடகம் பாக்கவா போறேன்?" என்றார்.

நாடகம் முடிந்ததும் பிளாஸ்கில் டீ கொண்டுவந்து, நடிப்பவர்களும் பார்த்தவர்களும் நின்று பேசிக்கொண்டு குடிப்பார்களாம். இவர் மட்டும் கைதட்டல் ஓய்வதற்கு முன்பே, விளக்குப் போடுவதற்கு முன்பே எழுந்து வந்துவிடுவார். எனக்குக் கோபம் வந்தது.

"ஏண்ணே, ஒரு டீ குடிச்சா என்ன? நாலு மனுஷங்க கூடப் பேசத்தானே இவ்வளவு தூரம் போறீங்க?"

"டீ குடிச்சா பேச்சு வரும்மா. பேசினா பழக்கமாயிடும். அடுத்த வாரம் வாசல்ல அவரு யாரையாவது தெரியுமான்னு கேட்டா, நான் தெரியும்னுதானே சொல்லணும்?"

"தெரியாதுன்னு சொல்லிட்டுப் போங்களேன். தலையா போயிடும்?"

"ஆமா, தலைதான் போயிடும். கணக்குல ஒரு தலை குறைஞ்சுடும்ல" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. பேச ஆள் இல்லாமல் துவைத்த துணியைத் துவைக்கப் போன மனுஷன், பேச ஆள் கிடைத்த இடத்தில் வாயைக் கட்டிக்கொண்டு வருகிறார். கேட்டால் அவர்களுக்காக என்கிறார். வீட்டில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கிறுக்கா அவரு?" என்றார் அவர். கிறுக்கு இல்லை. முப்பது வருடமாக ஒரு நூல் கூடக் குறையாமல் லென்ஸை வெட்டிப் பொருத்திய ஆளுக்கு, கொஞ்சம் முன்னே பின்னே என்பது வராது. அவ்வளவுதான்.

மகன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் "வந்துடுங்கப்பா, அங்க தனியா என்ன பண்றீங்க? இங்க எல்லாரும் இருக்கோம்ல" என்பான். இதற்கு முன்பெல்லாம் பார்க்கலாம், பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டிருந்தவர், இப்போது தெளிவாகப் பதில் சொல்ல ஆரம்பித்தார். "வர முடியாதுடா. சனிக்கிழமை இங்க ஆள் குறையும்."

கடையைச் சொல்கிறார் என்று மகன் நினைத்துக்கொண்டான். அண்ணிக்கு மட்டும் விவரம் தெரியும். "நல்ல நாடகம்" என்று சொல்லிச் சிரித்தாராம்.

மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை அவர் கடைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று போன். மறுநாள் மாலை ரொட்டியும் பாலும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அத்தனை வருடத்தில் அதுதான் முதல் முறை. இரண்டாம் மாடி, இரண்டு அறை. பாத்திரம் கவிழ்க்கும் கூடையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். கட்டிலில் இரண்டு தலையணை; அண்ணியின் பக்கம் இஸ்திரி போட்ட சட்டைகள் அடுக்கியிருந்தன. நாற்காலி ஒன்றில் செய்தித்தாள் கட்டு இருந்தது. அதை இறக்கி வைத்துவிட்டுத்தான் என்னை உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியில் யாரும் உட்கார்ந்து வெகுநாள் ஆகியிருந்தது.

உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவர் கவலை அதில் இல்லை. "நேத்து எத்தனை பேர் வந்தாங்களோ தெரியலையேம்மா" என்றார். "போன் பண்ணிக் கேட்டுடவா?" என்றேன். "யாரைக் கேப்ப? அவங்க நம்பரெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அதுவும் சரிதான்.

அடுத்த சனிக்கிழமை போனபோது மாஸ்டர் வாசலில் உட்கார்ந்திருந்தாராம். "போன வாரம் அஞ்சு பேர் சார். ரொம்ப நேரம் பார்த்தோம். நீங்களும் வரல. மேக்கப் போட்டு உட்கார்ந்திருந்த பிள்ளைங்கள அப்படியே வீட்டுக்கு அனுப்பிச்சேன்" என்றார். இன்னொன்றும் சொன்னார். பள்ளி முதலாளி புதிதாக இரண்டு கார் வாங்குகிறார், ஷெட்டைக் கேட்கிறார், கூட்டம் வருகிற இடம் என்றால் வாதாடிப் பார்க்கலாம், அஞ்சுக்கும் ஆறுக்கும் என்ன வாதாடுவது, இந்த மாதக் கடைசியோடு மூட வேண்டியதுதான்.

திங்கட்கிழமை அண்ணன் இரண்டு லென்ஸை வீணாக்கினார். என் கண் முன்னால் அது நடந்ததே இல்லை. "நான் ஒருத்தன் வரலன்னதும் நின்னு போச்சும்மா" என்றார். அந்தக் குரலில் வருத்தம் இருந்தது. ஒளித்து வைத்த சந்தோஷமும் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே தெரிந்தது. பிறகு சந்தோஷம் போய் வருத்தம் மட்டும் நின்றது. அந்த இடம் மூடிவிட்டால் இந்த ஊரில் அவரை எண்ணிப் பார்க்க ஒரு ஆள் இல்லை.

அப்புறம் நடந்ததை நான் கண்ணால் பார்க்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். அன்று மதியம் ஒரு அம்மாள் கண்ணாடி வாங்கிக்கொண்டிருந்தார். திரை விலகியது. கை மட்டும் வரும் என்று பார்த்தால் முழு ஆளும் வந்து நின்றார். "நீங்கதான் மைனஸ் ஏழா?" என்றார். அந்த அம்மாள் மிரண்டு போய் என்னைப் பார்த்தார். "மாசக் கடைசி சனிக்கிழமை ஒரு நாடகம் இருக்குதுங்க. நீங்க வரணும். உங்களுக்கு அங்க யாரையும் தெரியாதில்ல?"

"எனக்கு யாரைத் தெரியும்?" என்றார் அந்த அம்மாள்.

"அப்ப ரொம்ப நல்லது."

அதற்குப் பிறகு மனுஷன் அடங்கவில்லை. மேம்பாலத்துக்குக் கீழே போய், தன்னை வரைந்தவர்களிடம் முதல் முறையாக வாயைத் திறந்தார். டிப்போவில் போய்ப் பாட்டு முடியும்வரை காத்திருந்து, அதாவது கேண்டீன்காரர் மிஞ்சும்வரை காத்திருந்து, ஒவ்வொருவரையும் பஸ் படிக்கட்டில் பிடித்துச் சொன்னார். துணி துவைக்கும் கடை அம்மாள் அந்த வாரக் கதையைச் சீக்கிரம் முடித்துவிட்டு இவரையே எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துப் பேசச் சொன்னாராம். என்ன பேசினீர்கள் என்றேன். "யாரையும் தெரியாதவங்கதான் வேணும்னு சொன்னேன். அப்படின்னா நாங்க எல்லாரும்தான்னு சொல்லிச் சிரிச்சாங்க" என்றார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவருக்கு வாய் வந்ததே அடுத்தவர் பிழைக்கத்தான்.

அந்தச் சனிக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் போனோம். சந்து முழுக்க ஒரே மாதிரி ஷெட்டுகள், ஒரே மாதிரி ஷட்டர்கள். யாருக்கும் வழி தெரியாது. அண்ணன் சந்து முனையில் நின்று ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தார். படம் வரைகிறவர்கள் வந்தார்கள். டிப்போ ஆட்கள் சீருடையோடு வந்தார்கள். மைனஸ் ஏழு அம்மாள் தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். துணி மூட்டையோடு கூட ஒருவர் வந்தார். வாசலில் மாஸ்டர் ஒவ்வொருவரிடமும் "யாரையாவது தெரியுமா?" என்று கேட்க ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் கேள்வி தேய்ந்து "தெரியுமா?" என்றாகி, கடைசியில் "போங்க போங்க, உள்ள போங்க" என்றாகிவிட்டது.

எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாக அண்ணன் வந்தார். உள்ளே இடமில்லை. மாஸ்டர் அவரையும் "போங்க போங்க" என்றுதான் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன், என் காதால் கேட்டேன். கூவல் இல்லை. கூவ எதுவும் இல்லையே. ஆறாவது ஆள் எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டார். அது யார் என்று யாருக்கும் தெரியாது.

ஷட்டர் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார். டாக்டருக்காக ஐந்து பேர் காத்திருக்கிற நாடகம் அன்றைக்கு. நன்றாகத்தான் இருந்தது. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். அவர் மேடையைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த முதுகுகளையும் தலைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சந்தோஷம் இருந்தது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

விளக்கு வந்தது. முதல் முறையாக அவர் போகாமல் நின்றார். என்னிடம் வந்து மெதுவாக, "இன்னிக்கு டீ குடிக்கலாம்மா. இனிமே கணக்கு இடிக்காது" என்றார். காலரைச் சரிசெய்துகொண்டார். கைவிரல்களை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

மாஸ்டரைச் சுற்றிக் கூட்டம். அவர் எங்கள் பக்கம் பார்த்துக் கையைத் தூக்கினார். எல்லோருக்கும் தூக்கிய கைதான். டீ ஊற்றிக்கொண்டிருந்தது நாடகத்தில் நோயாளியாக நடித்த பெண். நிஜத்தில் நர்ஸாம். நல்ல சிரித்த முகம். வரிசையில் அண்ணன் முறை வந்தது. அந்தப் பெண் ஒரு கப்பை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"வாங்க சார். முதல் தடவையா வரீங்களா?"

அவள் மேல் தப்பு சொல்ல முடியாது. மேடையில் வெளிச்சம், எதிரே இருட்டு. அத்தனை நாளும் அவளுக்குத் தெரிந்தது தலைகள்தான். விளக்குப் போட்டு முகங்கள் தெரிவதற்குள் இவர் சந்து முனைக்குப் போய்விட்டிருப்பார். எனக்கு வாய் துறுதுறுவென்று வந்தது. 'இவரு யாருன்னு தெரியுமா உனக்கு?' என்று ஆரம்பிக்கப் போனேன். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

"ஆமாம்மா. முதல் தடவைதான். ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார்.

"அடிக்கடி வாங்க சார்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்தவருக்கு டீ ஊற்றினாள்.

சந்தைத் தாண்டும்வரை பொறுத்துக்கொண்டேன். பஸ் நிறுத்தத்தில் பிடித்துக்கொண்டேன். "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க? இன்னிக்கு அந்த ஷெட்டு நிறைஞ்சது யாரால? நான்தான் அந்த ஆறாவது ஆளுன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

"இத்தனை நாளா வரேன்னு சொன்னா, ஏன் சார் ஒரு நாளும் நின்னு பேசலன்னு கேப்பா. உங்களுக்காகத்தான் பேசலன்னு சொல்லவா? சொல்லிக் காட்டுற மாதிரி ஆயிடாதா?"

"சரி, அடுத்த வாரம் பழகுங்க. அதான் கணக்கு இடிக்காதுன்னு சொன்னீங்களே."

"பழகலாம்." பஸ் வருகிற பக்கம் பார்த்தார். "ஆனா நான் போகலன்னாலும் நடக்கும்ல" என்றார்.

என் வீட்டுக்காரர் சமாதானமாக, அதுதானே நல்லது, நீங்கள் ஆசைப்பட்டதும் அதுதானே என்றார். "ஆமா, ஆமா, நல்லதுதான்" என்று அண்ணன் அவசரமாகத் தலையாட்டினார். பிறகு போனை எடுத்தார். அண்ணி இருக்கும் இடத்தில் அப்போது காலை.

"நான்தான்... இல்ல, ஒண்ணுமில்ல, சும்மா. நல்லா நடந்துச்சு, நிக்க இடமில்ல... ஆமா, மூட மாட்டாங்க... அதான் சொல்ல வந்தேன். இனிமே சனிக்கிழமை இங்க எனக்கு வேலை ஒண்ணும் இல்ல. அவன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கானே. வந்துடட்டுமா?"

அந்தப் பக்கம் அண்ணி பேசினார். அது எங்களுக்குக் கேட்கவில்லை. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ம்... ஆமா, ரெண்டாவதும் வந்தப்புறம் அந்த ரூம்ல எப்படி... அது சரி... மருமக என்ன சொல்லுதோ, அதையும் பாக்கணும்ல... இல்லல்ல, நான் எதுவும் நினைச்சுக்கல. அவசரமில்ல. அவனைக் கேட்டுட்டே சொல்லு."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கக் கைப்பையில் எதையோ தேடினேன். பஸ் வந்து நின்றது. பாதி காலியாக இருந்தது. என் வீட்டுக்காரர் ஏறினார். நான் படியில் காலை வைத்துத் திரும்பி, "வாங்கண்ணே" என்றேன்.

"நீங்க போங்கம்மா. எனக்கு வேற பஸ்" என்றார்.

அவர் வீட்டுக்கும் அதே பஸ்தான்.